கடன் வரலாறு: நாணயம் ஏட்டில் ஏறிய கதை

கடன் வரலாறு என்பது ஒருவர் இதுவரை வாங்கிய கடன்கள், அவற்றைத் திருப்பிச் செலுத்திய விதம், தவறிய தவணைகள், இன்னும் நிற்கும் பாக்கி ஆகியவற்றின் பதிவு ஆகும். வீட்டுக் கடனோ வாகனக் கடனோ கேட்டு ஒருவர் வங்கிக்குச் சென்றால், அவருடைய சம்பளச் சான்றையும் சொத்துப் பத்திரத்தையும் பார்ப்பதற்கு முன்பே மேலாளர் இந்தப் பதிவைக் கணினியில் பார்த்துவிடுகிறார். தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் இதற்குச் ‘சிபில்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அது உண்மையில் ஒரு நிறுவனத்தின் பெயர்.

தமிழில் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் காசையும் குறிக்கும், சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். வாங்கியதைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுப்பவர் ‘நாணயமானவர்’. ஆகவே கடன் வரலாறு பார்ப்பது புதிய வழக்கம் அன்று. ஒருவருடைய நாணயத்தைப் பற்றிய நினைவு யாரிடம் இருந்தது, அதை அவர் வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல முடிந்ததா, அதில் பிழை இருந்தால் திருத்த வழி இருந்ததா என்பவைதான் காலந்தோறும் மாறி வந்துள்ளன.

கடன் கொடுத்தவரின் நினைவு

வங்கிகள் பரவாத காலத்தில் கிராமத்தில் கடன் கொடுத்தவர் பெரும்பாலும் அதே ஊரின் பெரிய விவசாயி, கடைக்காரர் அல்லது வட்டித் தொழில் செய்பவர். கடன் கேட்பவரின் நிலம் எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் உண்டா, பெண்ணுக்குக் கல்யாணம் எப்போது, போன வருடக் கடனை எந்த மாதத்தில் அடைத்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். எழுத்தில் இருப்பது ஒரு புரோநோட்டும் பேரேட்டில் ஒரு பற்று வரவுப் பக்கமும் மட்டுமே. மற்றதெல்லாம் அவர் மனத்தில்.

இந்த ஏற்பாட்டின் வசதி வெளிப்படையானது. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் பணம் கிடைக்கும், எந்தச் சான்றும் வேண்டாம். இதன் கேடு அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. இருபது ஆண்டுகள் தவறாமல் வட்டியும் அசலும் கட்டிய ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். அவர் சம்பாதித்த நற்பெயர் முழுவதும் அந்த ஒரு கடன்காரருடைய பேரேட்டுக்குள்தான் இருந்தது. பக்கத்து ஊரில் குறைந்த வட்டிக்குக் கொடுப்பவர் இருந்தாலும், அங்கே இவர் முகம் தெரியாதவர். எனவே அதிக வட்டி கேட்டவரிடமே மீண்டும் போக வேண்டியிருந்தது. கிராமக் கடனில் வட்டி குறையாமல் நின்றதற்குக் கடன் கொடுப்பவரின் பேராசை மட்டும் காரணம் அன்று. வாங்குபவரின் நாணயம் கைமாற்ற முடியாததாக இருந்ததும் ஒரு காரணம்.

பெரிய வணிகர்களுக்கு இந்தத் தடை இல்லை. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக் கடைகள் சென்னை, கொழும்பு, இரங்கூன், பினாங்கு என்று பரவியிருந்தபோது, ஒவ்வொரு கடைக்கும் ‘விலாசம்’ என்னும் தனி அடையாளப் பெயர் இருந்தது. அந்த விலாசத்தின் பேரில் எழுதிய உண்டியலைக் கடல் கடந்தும் பிற நகரத்தார் கடைகள் மதித்தன. ஒருவர் சொல் தவறினால் அந்தச் செய்தியும் உறவு வழியாகவும் தொழில் வழியாகவும் பரவிவிடும். இம்பீரியல் வங்கியும் தான் கடன் தரத்தக்க வட்டித் தொழிலாளர்களின் பட்டியலை வைத்திருந்து, அவரவருக்கு ஓர் உச்சவரம்பு குறித்திருந்தது. இதையும் ஒரு கடன் வரலாற்றுப் பதிவு என்றே சொல்லலாம். ஆனால் பட்டியலில் ஏறியவர்கள் மிகச் சிலர்.

நிக்கல்சனும் திரூரும்

சாதாரண விவசாயிக்கு இத்தகைய அடையாளம் கிடைக்க என்ன வழி என்ற கேள்வி சென்னை மாகாணத்தில்தான் முதலில் ஆழமாக ஆராயப்பட்டது. 1892-இல் மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை, ஐரோப்பாவின் நில வங்கிகளை ஆராய்ந்து அறிக்கை தருமாறு பணித்தது. அவருடைய அறிக்கை 1895-இலும் 1897-இலும் இரு தொகுதிகளாக வெளிவந்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் தொடங்கிய சிறு கிராமக் கடன் சங்கங்களையே இந்தியாவுக்கு ஏற்ற மாதிரியாக அவர் கண்டார்.

அச்சங்கங்களின் நுட்பம் எளிமையானது. உறுப்பினர்கள் அனைவரும் ஒரே ஊரார். ஒருவர் கடனைக் கட்டாவிட்டால் மற்ற அனைவரும் வரம்பின்றிப் பொறுப்பு. ஆகவே யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதை அண்டை வீட்டாரே கவனமாகப் பார்ப்பார்கள். கடன்காரர் ஒருவர் மனத்தில் மட்டும் இருந்த நினைவு, இங்கே ஊராரின் பொது நினைவாகிறது. 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்தின் கீழ், அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் மாகாணத்தின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது.

எண்ணம் சிறந்தது, வளர்ச்சி மெதுவானது. ஏ. டி. கோர்வாலா தலைமையிலான குழுவின் வழிகாட்டலில் ரிசர்வ் வங்கி நடத்திய அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு 1951-52 நிலவரத்தைக் காட்டுகிறது. விவசாயிகள் வாங்கிய கடனில் வட்டிக்குக் கொடுப்போரின் பங்கு 69.7 விழுக்காடு. கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு 3.1, அரசின் பங்கு 3.3, வணிக வங்கிகளின் பங்கு 0.9 விழுக்காடு. சங்கம் தோன்றி அரை நூற்றாண்டு ஆன பிறகும் பெரும்பாலான விவசாயிகளின் நாணயம் வட்டிக்காரரின் பேரேட்டைத் தாண்டவில்லை.

அந்நியருக்குக் கடன்: அமெரிக்க அனுபவம்

இன்று இந்திய வங்கிகள் பயன்படுத்தும் முறையின் வேர் இங்கே இல்லை, அமெரிக்காவில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கின் மொத்த வணிகர்கள், நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்து வரும் சிறு கடைக்காரர்களுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுத்தனர். கடைக்காரர் யார், எப்படிப்பட்டவர் என்று அறிய அவர்களுக்கு வழியில்லை. 1837-இன் பண நெருக்கடியில் பல கடைக்காரர்கள் கைவிரித்தனர். அதனால் கவிழ்ந்த நிறுவனங்களில் ஆர்தர் டப்பான் என்பவரின் பட்டு வணிக நிறுவனமும் ஒன்று.

அவருடைய தம்பி லூயிஸ் டப்பான் 1841-இல் நியூயார்க்கில் ‘மெர்க்கன்டைல் ஏஜென்சி’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இவர் அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர்; அமிஸ்டாட் கப்பலில் சிறைப்பட்ட ஆப்பிரிக்கர்களின் விடுதலைக்காக நடந்த வழக்குக்குத் துணை நின்றவர். ஊர் ஊராக வழக்கறிஞர்களைத் தொடர்பாளர்களாக அமர்த்தி, அந்தந்த ஊர் வணிகர்களைப் பற்றிய செய்திகளை அவர் வரவழைத்தார். ஆபிரகாம் லிங்கனும் இளம் வழக்கறிஞராக இருந்தபோது இத்தகைய தொடர்பாளராகப் பணிபுரிந்தவர். வந்த செய்திகள் பெரிய பேரேடுகளில் எழுதப்பட்டன. கட்டணம் செலுத்திய வணிகர் அலுவலகத்துக்கு வந்தால் அவற்றைப் படித்துக் காட்டுவார்கள்.

அந்தப் பேரேடுகளில் 2,500-க்கும் மேற்பட்டவை இன்று ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. கடன் திருப்பிச் செலுத்தியது பற்றி மட்டும் அவை பேசவில்லை. குடிப்பவரா, குடும்பம் எப்படி, மனைவி சிக்கனமானவரா என்றெல்லாம் குறிப்புகள் உண்டு. ஊர் வம்புக்கும் கடன் தகவலுக்கும் இடையே கோடு போடப்படவில்லை. பின்னால் வந்த சிக்கல்கள் பலவற்றின் விதை இங்கேதான் இருக்கிறது.

அந்தச் சிக்கல் விரைவிலேயே நீதிமன்றம் ஏறியது. ஒகையோ மாநிலத்தின் நார்வாக் என்னும் ஊரைச் சேர்ந்த பியர்ட்ஸ்லி என்ற வணிகர், தம் குடும்ப வாழ்க்கையைப் பற்றிய பொய்யான தகவலை ஏஜென்சி பரப்பியதால் நியூயார்க்கில் தமக்குக் கடன் சரக்குக் கிடைக்கவில்லை என்று வழக்குத் தொடுத்தார். தகவல் தந்தவர் யார் என்று சொல்ல மறுத்ததற்காக நிறுவனத்தின் பங்காளி ஒருவர் சிறைக்கும் போனார். பத்தாயிரம் டாலர் இழப்பீடு என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டில் 1870-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. தன்னைப் பற்றி எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கவும் மறுக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு அடுத்த நூறு ஆண்டுகள் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

டப்பானின் நிறுவனம் 1859-இல் ராபர்ட் கிரஹாம் டன் என்பவரின் கைக்கு வந்தது. 1933-இல் போட்டி நிறுவனமான பிராட்ஸ்டிரீட்டுடன் இணைந்து ‘டன் அண்டு பிராட்ஸ்டிரீட்’ ஆனது. இந்தப் பெயர் மீண்டும் வரும்.

இதெல்லாம் வணிகர்களைப் பற்றியது. சாதாரண மனிதரின் கடன் வரலாற்றைத் தொகுத்ததில் முன்னோடி, வுல்ஃபோர்டு சகோதரர்கள் 1899-இல் அட்லாண்டா நகரில் தொடங்கிய ‘ரீடெயில் கிரெடிட் கம்பெனி’. மளிகைக் கடைகளின் வாடிக்கையாளர்களை அது தரம் பிரித்தது: உடனே கட்டுபவர், தாமதமாகக் கட்டுபவர், ரொக்கம் வாங்கிக்கொண்டே சரக்குக் கொடுக்க வேண்டியவர். நம் ஊர் மளிகைக் கடைக்காரர் மனத்துக்குள் செய்யும் அதே பாகுபாடுதான். பிற்காலத்தில் இந்நிறுவனம் கோடிக்கணக்கானவர்களின் அந்தரங்கத் தகவல்களைச் சேர்த்து வைத்தது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அதன் விளைவாக 1970-இல் அமெரிக்கா நியாயமான கடன் அறிக்கைச் சட்டத்தை இயற்றியது. தன்னைப் பற்றிய பதிவில் என்ன இருக்கிறது என்று அறியவும், பிழையை மறுக்கவும் மக்களுக்கு முதன்முறையாகச் சட்ட உரிமை கிடைத்தது. பெண்ணென்பதாலோ மணமானவர் என்பதாலோ கடன் மறுக்கக் கூடாது என்ற சட்டம் 1974-இல் வந்தது. அதுவரை சம்பாதிக்கும் பெண்ணிடமும் கணவரின் கையெழுத்தைக் கேட்டவர்கள் உண்டு. 1975-இல் ரீடெயில் கிரெடிட் கம்பெனி ‘ஈக்விஃபாக்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பதிவை எண்ணாக மாற்றியவர்கள் பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணித அறிஞரும். 1956-இல் அவர்கள் தொடங்கிய ‘ஃபைக்கோ’ நிறுவனம், பழைய கடன்களின் போக்கைக் கணக்கிட்டு, புதிதாகக் கேட்பவர் கடனைத் திருப்பிக் கட்டும் வாய்ப்பை மதிப்பெண்ணாகத் தந்தது. எந்தக் கடன் நிறுவனமும் பயன்படுத்தக்கூடிய பொது மதிப்பெண் 1989-இல் வந்தது. மேலாளருக்குப் பிடித்த முகம், பிடிக்காத முகம் என்ற பேதம் இதனால் ஓரளவு குறைந்தது. ஆனால் ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டால் ஓர் எண்ணைக் காட்டும் பழக்கமும் அன்றே தொடங்கிவிட்டது.

இந்தியாவுக்கு வந்த விதம்

1969-இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையான பின், வங்கிக் கிளைகள் சிற்றூர்களுக்கும் வந்தன. அறிமுகம் இல்லாதவர்களுக்குக் கடன் கொடுக்க வேண்டிய நிலை வங்கிகளுக்கு ஏற்பட்டது. ஒரு வங்கியில் கடனைக் கட்டாமல் விட்டவர் எதிர்த்தெரு வங்கியில் புதிய கடன் வாங்கினாலும் கண்டுபிடிக்க வழியில்லை. வாடிக்கையாளரின் கணக்கை வெளியிடக் கூடாது என்ற இரகசியக் காப்பு வங்கிகளைக் கட்டிப் போட்டிருந்தது. எனவே நகை, நிலப் பத்திரம், இரண்டு ஜாமீன்தாரர்களின் கையெழுத்து ஆகியவையே கடன் வரலாற்றின் இடத்தில் நின்றன. அடகு வைக்க ஒன்றும் இல்லாதவருக்கும், ஜாமீன் போட அரசு ஊழியர் யாரையும் அறியாதவருக்கும் வங்கியின் கதவு பாதிதான் திறந்தது.

1994-இல் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கடன் தவறியவர்களின் பட்டியலை வங்கிகளுக்குள் பகிரும் முறையை ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. 1999-இல் சித்திக்கி தலைமையிலான குழு கடன் தகவல் நிறுவனம் ஒன்றைப் பரிந்துரைத்தது. 2000-ஆம் ஆண்டில் சிபில் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தியக் கடன் தகவல் நிறுவனம் உருவானது. பாரத ஸ்டேட் வங்கியும் எச்டிஎஃப்சி நிறுவனமும் பெரும் பங்குதாரர்கள். சிறு பங்கு வைத்திருந்த இரு வெளிநாட்டு நிறுவனங்களுள் ஒன்று டன் அண்டு பிராட்ஸ்டிரீட், அதாவது லூயிஸ் டப்பானின் ஏஜென்சியின் வாரிசு. மற்றொன்று சிகாகோவின் டிரான்ஸ்யூனியன். பிற்காலத்தில் சிபிலின் உரிமை டிரான்ஸ்யூனியனிடமே சென்றது.

தனிநபர் கடன் பதிவுகளைச் சிபில் 2004-இல் வழங்கத் தொடங்கியது. ஆனால் தகவல் பகிர வாடிக்கையாளரின் சம்மதம் தேவைப்பட்டதால் பதிவுகள் அரைகுறையாகவே சேர்ந்தன. 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் இந்தத் தடையை நீக்கியது. ஒவ்வொரு கடன் நிறுவனமும் ஏதேனும் ஒரு தகவல் நிறுவனத்தில் உறுப்பினராவது கட்டாயமாயிற்று. தன் அறிக்கையைப் பெறவும் திருத்தம் கேட்கவும் கடன் வாங்குபவருக்கு உரிமையும் அதே சட்டத்தில் தரப்பட்டது. 2010-இல் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், ஹைமார்க் ஆகியவையும் அனுமதி பெற்றதால், இன்று இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் இத்தொழிலில் உள்ளன.

அதே 2010-இல் ஆந்திரத்தில் குறுங்கடன் நெருக்கடி வெடித்தது. ஒரே பெண் நான்கைந்து நிறுவனங்களிடம் குழுக் கடன் வாங்கி, ஒன்றை வாங்கி ஒன்றை அடைக்கும் நிலை அங்கு பரவலாக இருந்தது. ஒரு நிறுவனம் கொடுத்தது மற்றொன்றுக்குத் தெரியாது; தெரிந்தாலும் பொருட்படுத்தவில்லை. வசூல் நெருக்கடி உயிர்ப் பலி வரை சென்றபோது மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள், ஒருவருக்கு இரண்டுக்கு மேற்பட்ட குறுங்கடன் நிறுவனங்கள் கடன் தரக் கூடாது என்றும், அவை கடன் தகவல் நிறுவனத்தில் உறுப்பினராக வேண்டும் என்றும் கூறின. கடன் வரலாறு வங்கியைக் காக்க மட்டும் பிறந்தது என்று எண்ணுவோர் இந்த நிகழ்ச்சியைக் கருத வேண்டும். தாங்க முடியாத கடன் ஒருவர் தலையில் ஏறாமல் தடுக்கவும் அது பயன்படும்.

மேலாளர் பார்ப்பது என்ன

சிபில் மதிப்பெண் 300 முதல் 900 வரை இருக்கும். தவணைகளை உரிய நாளில் கட்டியிருக்கிறாரா என்பதற்கே அதில் பெரும் எடை. கடன் அட்டையின் வரம்பில் எவ்வளவு பயன்படுத்துகிறார், எத்தனை ஆண்டுகளாகக் கடன் கணக்கு வைத்திருக்கிறார், அண்மையில் எத்தனை இடங்களில் கடன் கேட்டு அலைந்தார் என்பவையும் சேரும். தம் அறிக்கையைத் தாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

பலர் அறியாமல் சறுக்கும் இடங்கள் சில. பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து வங்கி சமரசமாகக் கணக்கை முடித்தால், அது ‘முழுதும் அடைக்கப்பட்டது’ என்று பதிவாகாது. ‘சமரசம்’ என்றே பதிவாகும். அடுத்த வங்கி அதைக் குறையாகவே காணும். நண்பருக்கு ஜாமீன் போட்டவரின் அறிக்கையிலும் அந்தக் கடன் ஏறும். நண்பர் தவறினால் கறை இருவருக்கும்தான். கல்விக் கடனில் பெற்றோர் இணைக் கடனாளிகள். படிப்பு முடிந்து வேலை கிடைக்காத மகனின் தவறிய தவணை, தந்தை பிற்பாடு கேட்கும் வீட்டுக் கடனை மறிக்கும். கல்விக் கடன் மிகுதியாக வாங்கும் மாநிலங்களுள் ஒன்றான தமிழ்நாட்டில் இது சிறிய செய்தி அன்று. 2023-இல் கேரள உயர் நீதிமன்றம், மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மாணவருக்குக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கூறியது.

நல்ல வரலாற்றின் பயன் கடன் கிடைப்பதோடு நிற்பதில்லை. பாரத ஸ்டேட் வங்கி உட்படப் பல வங்கிகள் வீட்டுக் கடன் வட்டியையே மதிப்பெண்ணுக்கு ஏற்ப வைக்கின்றன. 20 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளில் அடைப்பதாகக் கொண்டால், 8.5 விழுக்காட்டு வட்டிக்கு மாதத் தவணை ஏறத்தாழ 17,356 ரூபாய், 9.5 விழுக்காட்டுக்கு 18,643 ரூபாய். ஒரு விழுக்காட்டு வேறுபாடு மொத்தத்தில் 3 லட்சம் ரூபாய்க்கு மேல். அடகு வைக்காத தனிநபர் கடனில் வேறுபாடு இதைவிடக் கூடும். வங்கியில் மறுக்கப்பட்டவர் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கந்துவட்டிதான். தமிழ்நாடு அதற்கெதிராக 2003-இலேயே சட்டம் இயற்றிவிட்டது, ஆனாலும் அது மறைந்தபாடில்லை.

வரலாறு இல்லாதவர்

ஒருபோதும் கடன் வாங்காதவர் சிக்கனமானவர் என்று ஊர் சொல்லும். கணினியோ அவரை அறியாது; மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் ‘-1’ என்று காட்டும். வாழ்நாள் முழுதும் கைமாற்றும் சீட்டும் நாணயமாக நடத்திய பெண்ணின் நிலையும் இதுவே, ஏனெனில் அவை எந்தப் பதிவிலும் ஏறுவதில்லை. முதல் முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளதை, 2025-இல் நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் எடுத்துக் கூறியது.

பிழைகளைத் திருத்தும் வழியும் சிறிது சிறிதாகவே திறந்தது. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற விதி 2017 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில் வந்தது. முன்பு மாதம் ஒருமுறை அனுப்பப்பட்ட தகவலை, வங்கிகள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பியர்ட்ஸ்லி வழக்கில் எழுந்த கேள்விக்கு இவை காலம் கடந்து வந்த பதில்கள்.

2025-இல் தமிழகக் கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க் கடனுக்கும் சிபில் அறிக்கை பார்க்கப்படும் என்ற செய்தி பரவியது. விவசாயச் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. மதிப்பெண்ணை வைத்துக் கடனை மறுக்கப் போவதில்லை, வேறு வங்கியில் அதே பயிருக்குக் கடன் உள்ளதா என்று அறியவே அறிக்கை என்று அரசுத் தரப்பு விளக்கம் தந்தது. தவணை எந்த நாளில் தவறியது என்பதை அறிக்கை பிழையின்றிக் காட்டும். அந்த ஆண்டு மழை பொய்த்ததா, வெள்ளம் வந்ததா என்பதற்கு அதில் இடம் இல்லை. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் திரூர்ச் சங்கத்தில் கூடியிருந்த அண்டை வீட்டாருக்கு அது கேட்காமலே தெரிந்திருக்கும்.